கம்பத்திலிருந்து சிங்கப்பூர் எத்தனை மணி நேரம்?

மதுரை விமான நிலையத்தை நடுப்புள்ளியாக வைத்து அளந்தால் சிங்கப்பூரும் துபாயும் ஏறக்குறைய ஒரே தூரம். கிழக்கே சிங்கப்பூருக்கு நேர்க்கோட்டில் சுமார் 3,010 கிலோமீட்டர். வடமேற்கே துபாய்க்கு 2,950. நேரடி விமானம் கிடைத்தால் இரண்டுக்கும் நாலு மணி நேரம், முன்னே பின்னே. ஆனால் இரண்டு டிக்கெட்டையும் கம்பம் மெயின் ரோட்டில் யாரிடமாவது நீட்டிப் பாருங்கள். சிங்கப்பூருக்கு ஆறரை மணி நேரம், துபாய்க்கு ரெண்டரை மணி நேரம் என்றுதான் சொல்வார். அவர் மேல் தப்பில்லை. புறப்படும் நேரம் இந்த ஊர்க் கடிகாரப்படியும் இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படியும் அச்சாகிறது. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால்.

“துபாய்தான் பக்கம்போல இருக்குண்ணே. பையனை அங்கேயே அனுப்பிருவமா?” என்று ஒரு தகப்பனார் நிஜமாகவே கேட்டிருக்கிறார்.

கேட்கப்பட்டவர் கம்பத்தில் டிராவல்ஸ் வைத்திருப்பவர். பெயர் போட வேண்டாம் என்றார். ஊரில் அவருக்கு ‘டிராவல்ஸ் அண்ணே’ என்றுதான் பெயர் என்பதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. தொழிலுக்கு வந்தது டிக்கெட்டைப் பிடித்து அல்ல, டெலிபோனைப் பிடித்து. தொண்ணூறுகளில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத் நடத்தியவர். கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், வெளியே பெஞ்சில் வரிசை. நேர வித்தியாசம் அவருக்கு அங்கேதான் மனப்பாடம் ஆனது. ராத்திரி பத்து மணிக்கு வந்து சிங்கப்பூர் மகனிடம் பேச வேண்டும் என்ற தாயிடம், “அங்க இப்ப பன்னெண்டரை ஆத்தா, காலையில வா” என்று திருப்பி அனுப்பிய காலம். உத்தமபாளையம், கம்பம் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் வளைகுடா அழைப்புகள். கூடலூர், சின்னமனூர் பக்கத்திலிருந்து சிங்கப்பூர், மலேசியா. பேச வந்தவர்கள், அப்படியே டிக்கெட்டும் கேட்டார்கள். மதுரையில் ஒரு ஏஜென்சிக்குத் துணை ஏஜென்டாகச் சேர்ந்துகொண்டார்.

அவர் தலைமுறைக்கு மணிக்கணக்கு. அதற்கு முந்தியவர்களுக்கு நாள்கணக்கு. 1973 வரை ‘ரஜுலா’, அதற்குப் பின் ‘எம்.வி. சிதம்பரம்’ என்று சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். 1984 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது. பயணிகள் கப்பலுக்கு அதுவே முடிவு.

சிங்கப்பூருக்கும் நமக்கும் உள்ள அந்த இரண்டரை மணி நேர வித்தியாசம் சூரியன் போட்ட கணக்கு அல்ல. கம்பத்துக்கும் சிங்கப்பூருக்கும் தீர்க்கரேகையில் இடைவெளி 27 பாகைக்குச் சற்றுக் குறைவு. பாகைக்கு நாலு நிமிடம் என்று போட்டால் ஒன்றே முக்கால் மணி நேரம்தான் வரும். தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் ஒரே கடிகாரம் வைக்க நினைத்த மலேசியா, 1982 பிறந்த கையோடு தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. அதுவரை நமக்கும் அவர்களுக்கும் இரண்டே மணி நேரம். சிங்கப்பூரில் காலை ஏழு மணிக்குத்தான் விடியும் என்பதன் சங்கதி இதுதான். புதிதாக வேலைக்குப் போன பையன்கள் முதல் வாரத்தில் வீட்டுக்குச் சொல்லும் செய்தியே, “ஆறு மணிக்கு லாரியில ஏத்துறாங்கம்மா, கும்மிருட்டா இருக்கு” என்பதுதான்.

துணை ஏஜென்டாக இருந்த நாளில் மதுரைக்குப் போனால் அவர் முதலில் புரட்டுவது, டெலிபோன் டைரக்டரி கனத்தில் மாதாமாதம் வரும் ஏ.பி.சி. வேர்ல்டு ஏர்வேஸ் கைடு. உலகத்தில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்ன விமானம் என்பது பொடி எழுத்தில் அடுக்கியிருக்கும். கிழமைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான்: திங்கள் 1, ஞாயிறு 7. இன்றும் டைரியில் அவர் ‘1, 3, 6’ என்றுதான் குறிக்கிறார். சிவப்புக் கார்பன் தடவிய டிக்கெட் புத்தகம் 2008 ஜூனோடு போனது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் காகித டிக்கெட்டை அத்தோடு நிறுத்தியது. ஏறக்குறைய அதே சமயத்தில் விமான நிறுவனங்கள் கமிஷனையும் நிறுத்தின. இதைப்பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. போன் வைத்திருப்பவர் எல்லோரும் தாங்களே டிக்கெட் போட்டுக்கொள்கிற காலத்தில் அவரிடம் ஏன் இன்னும் ஆள் வருகிறது என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

மேஜையில் ஒரு பிளாஸ்டிக் பூமி உருண்டை இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவார்களே அதுதான். மதுரை இருக்கும் இடத்தில் குண்டூசி. அதில் பூக்கட்டும் நூல் ஒன்று தொங்கும். தூரம் கேட்பவர்களுக்கு நூலை இழுத்துப் பிடித்துக் காட்டுவார். மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு நூலை விறைப்பாக இழுத்தால் அது வட இலங்கைக்கு மேலே ஏறி, வங்காள விரிகுடாவைத் தாண்டி, சுமத்ராவின் வடபகுதியைக் கடந்து, மலாக்கா நீரிணைப் பக்கம் இறங்குகிறது. பிறகு கொழும்பில் ஒரு விரலை வைத்து நூலை வளைத்துக் காட்டுவார். நூல் அநேகமாக நீளவே இல்லை. மதுரை–கொழும்பு 355 கிலோமீட்டர், கொழும்பு–சிங்கப்பூர் 2,750. கூட்டினால் நேர்வழியைவிடத் தொண்ணூறு கிலோமீட்டர்தான் அதிகம். சென்னை வழியாகப் போனால் முன்னூறுக்கு மேல் அதிகம். அதே கொழும்பு வழியாகத் துபாய் போகிறவருக்கோ 700 கிலோமீட்டர் கூடும், வடமேற்கே போக வேண்டியவர் முதலில் தென்கிழக்கே போய்த் திரும்புவதால். டிக்கெட் விலை மலிவாக இருக்கிறது என்று அதையும் வாங்குகிறவர்கள் உண்டு. “தெரிஞ்சு வாங்குனா சரி” என்பார்.

கொழும்பைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு என்றால், மதுரையின் முதல் சர்வதேச விமானமே கொழும்புக்குத்தான், 2012 செப்டம்பரில் ஸ்பைஸ்ஜெட் விட்டது. பிறகு துபாய் வந்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் சிங்கப்பூரும் வந்தது. ஆனால் எமிரேட்ஸோ சிங்கப்பூர் ஏர்லைன்ஸோ மதுரையில் இறங்குவதில்லை. எந்த நாட்டு விமானம் நம் நாட்டின் எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்பது இரு நாட்டு அரசுகளும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் மதுரையின் பெயர் இல்லை. திருச்சியின் பெயர் இருக்கிறது. 2008 டிசம்பரில் ஏர் ஏஷியா இந்தியாவுக்குள் முதன்முதலாக இறங்கியதே கோலாலம்பூரிலிருந்து திருச்சியில்தான். மதுரைக்காரர்கள் வருடக்கணக்காக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே கம்பத்துக்காரருக்கு மூன்று வாசல்: மதுரை, திருச்சி, கொச்சி.

இங்கேதான் அவருடைய உண்மையான தொழில் ஆரம்பிக்கிறது. ஆகாயத்தில் நாலு மணி நேரம் என்றால் பெரும்பாலும் நாலு மணி நேரம்தான். வினை எல்லாம் தரையில்.

வரைபடத்தில் கம்பத்திலிருந்து மதுரை விமான நிலையம் நேர்க்கோட்டில் 90 கிலோமீட்டர், கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி 107. பெரிய வித்தியாசம் இல்லை. சாலையில் இறங்கினால் மதுரை 120 கிலோமீட்டர்: தேனி, ஆண்டிபட்டி கணவாய், உசிலம்பட்டி, செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை, கப்பலூர் சுற்றி விமான நிலையம். புறவழிச்சாலைகள் வந்தபின் காரில் இரண்டரை மணி நேரம். கொச்சியோ 160, 170 கிலோமீட்டர். லோயர் கேம்ப்பில் கொண்டை ஊசி வளைவு ஏறத் தொடங்கினால் குமுளி, வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம், முண்டக்கயம், பாலா, தொடுபுழா, மூவாற்றுப்புழா, பெரும்பாவூர் என்று ஐந்து மணி நேரம். அதுவும் மழை இல்லாமல், குட்டிக்கானத்தில் மூடுபனி இல்லாமல். சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும் என்பதையும் சேர்த்தால், துபாய்க்குப் பறக்கிற நாலு மணி நேரத்துக்காக எட்டு மணி நேரம் முன்னால் வீட்டைப் பூட்ட வேண்டும். ஆனாலும் கொச்சிக்குத்தான் கூட்டம். 1999இல் அந்த விமான நிலையம் திறந்தது முதல் வளைகுடாவுக்கு நாளெல்லாம் அங்கே விமானம் இருக்கிறது. ஒன்று போனால் இன்னொன்று. மதுரையில் அந்த வசதி இல்லை.

கார்த்திகை பிறந்தால் கணக்கு மாறும். சபரிமலை சீசனில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குவார்கள். எதிர்த்திசையில் விமானத்துக்குப் போகிறவன் பாடு திண்டாட்டம். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா என்றால் மதுரைக்குப் போகிறவர்களையும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளப்பிவிடுவார். இந்த விவரம் எந்தச் செயலியிலும் ஒரு மாதம் முன்னாலேயே தெரியாது. அவர் காலண்டரில் தெரியும்.

2011 டிசம்பரை அவர் மறக்கவில்லை. முல்லைப் பெரியாறு அணை விவகாரம் கொதித்து, கம்பம் பள்ளத்தாக்கே குமுளியை நோக்கித் திரண்டபோது எல்லைப் பாதைகள் நாள்கணக்கில் மூடிக்கிடந்தன. கையில் கொச்சி டிக்கெட், விசா முடியப்போகிறது, வேலைக்குத் திரும்ப வேண்டும். வத்தலக்குண்டு, பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் என்று முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றி அனுப்பினார். வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்து யார் மறிப்பார்களோ என்ற பயத்தில் பாலக்காட்டில் கேரள வண்டிக்கு மாற்றிவிட ஆள் ஏற்பாடு செய்ததும் உண்டு. கொச்சி 107 கிலோமீட்டர் என்கிற நூல் கணக்கு அந்த டிசம்பரில் யாருக்கும் உதவவில்லை.

2018 ஆகஸ்டில் இன்னொரு விதம். பெரியாறு பெருகி நெடும்பாசேரி ஓடுபாதைக்குள் புகுந்தது. 15ஆம் தேதி மூடிய விமான நிலையம் 29ஆம் தேதிதான் திறந்தது. 1895 முதல் சுரங்கம் வழியாகப் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் அனுப்புகிற அதே ஆறுதான். அணை நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது என்று கம்பத்தில் பேச்சாக இருந்த நாளில் விமான நிலையமும் மூடியது. மேற்கே மலைச்சாலைகள் சரிந்து கிடந்தன. விமானம் திருவனந்தபுரத்திலிருந்து புறப்படும் என்று சிலருக்குச் செய்தி வந்தது. திருநெல்வேலி, நாகர்கோவில் சுற்றிப் போனார்கள். சிலருக்குப் பணத்தைத் திரும்ப வாங்கி மதுரையிலும் திருச்சியிலும் புதிதாக டிக்கெட் போட்டார். அந்த வாரம் போனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததே இல்லை என்கிறார் அவர் மனைவி.

பறக்கும் நேரம் பெரும்பாலும் மாறாது என்று மேலே சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு, காற்றினால். ஆடி மாதம் ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவது மேற்கிலிருந்து வரும் காற்று. கணவாயில் மோட்டார் சைக்கிளையே தள்ளும். அதே நேரத்தில் தலைக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும், காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடிக்கொண்டிருக்கும். வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று இதற்குப் பெயர். 1958இல் இதை விளக்கி எழுதியவர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பி. கோடீஸ்வரம். ஆடியில் மேற்கே போகும் விமானத்துக்குத் தென்னாட்டு வானில் பின்காற்று. தை, மாசியில் வளைகுடாப் பக்கம் மேலைக்காற்று வலுத்து நிற்பதால், போவதைவிடத் திரும்பி வருவது சீக்கிரம். அட்டவணையில் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் போட்டிருப்பது அச்சுப்பிழை அல்ல. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரம், இறங்கியபின் ஊர்ந்து வரும் நேரம் எல்லாமே அதில் சேர்த்தி. 3,000 கிலோமீட்டரை 850 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்துப் பார்த்து, மூன்றரை மணி நேரம்தானே வருகிறது என்று சண்டைக்கு வந்த கல்லூரி மாணவரிடம் இதைத்தான் சொல்லி அனுப்பினார்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேரைக் கவிழ்ப்பது நள்ளிரவு. வளைகுடா விமானங்களில் பலவும் ராத்திரி பன்னிரண்டுக்கும் நாலுக்கும் இடையில் புறப்படுபவை. 15ஆம் தேதி 00.40 என்று டிக்கெட்டில் இருக்கும். 15ஆம் தேதி சாயங்காலம் சாப்பிட்டுவிட்டு, சொந்தபந்தத்திடம் சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள். விமானம் போய் ஒரு பகல் கழிந்திருக்கும். படிக்காதவர்கள்தான் இப்படி என்று நினைத்தால் தப்பு; வாத்தியார்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். நம் பஞ்சாங்கத்தில் ஒரு நாள் என்பது விடிந்ததிலிருந்து மறுநாள் விடியும்வரை. பதினாலாம் தேதி ராத்திரி ஒரு மணி என்பது நம் ஆட்களுக்குப் பதினாலாம் தேதி ராத்திரிதான். அதனால் டிராவல்ஸ் அண்ணே டிக்கெட்டின் தலையில் சிவப்பு மையால் பெரிதாக எழுதிக் கொடுப்பார்: ‘14 செவ்வாய்க்கிழமை மத்தியானம் 2 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பவும்.’ விமான நேரத்தை அவர் தனியாக எழுதுவதே இல்லை. எழுதினால் அதைத்தான் பார்ப்பார்களாம்.

பஞ்சாங்கம் இன்னொரு விதத்திலும் குறுக்கே வரும். திங்களும் சனியும் கிழக்கே சூலம். சிங்கப்பூர் போகிறவர் வீட்டில் அந்த நாட்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்பார்கள். வெள்ளியும் ஞாயிறும் மேற்கே. ஆனால் கொச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூர் போகிறவருக்கு எந்தச் சூலம்? வீட்டை விட்டுக் கிளம்புவது மேற்கே, போய்ச் சேர்வது கிழக்கே. இது உண்மையிலேயே அவர் கடையில் விவாதமாகி, ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, வாசல் தாண்டுகிற திசைதான் கணக்கு என்று தீர்ப்பானது. மலிவான டிக்கெட் கெட்ட நாளில்தான் இருக்கிறது என்றால் பரஸ்தானம் இருக்கவே இருக்கிறது: நல்ல நேரத்தில் ஒரு பையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் ஆரம்பித்தாயிற்று. அந்தப் பையை எடுக்க மறந்து கிளம்பியவர்களும் உண்டு. பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்கட்டும் என்று அவர் ஓயாமல் சொல்வது அதனால்தான்.

துக்கச் செய்திக்கு மட்டும் இந்தப் பேச்சு எதுவும் கிடையாது. வெளிநாட்டில் மகன் இருக்கிற வீட்டில் சாவு விழுந்தால் ஐஸ் பெட்டிக்குச் சொல்வதும் டிராவல்ஸுக்குச் சொல்வதும் ஒரே நேரத்தில் நடக்கும். “பையன் எப்பண்ணே வந்து சேருவான்? எத்தனை மணிக்கு எடுக்கலாம்?” இதற்கு உத்தேசமாகப் பதில் சொல்ல முடியாது. பெட்டிக்கு வாடகை, மேளத்துக்குச் சொல்வது, வெளியூர்ச் சொந்தங்களுக்குத் தகவல் எல்லாம் அவர் வாயிலிருந்து வரும் அந்த மணியைப் பொறுத்து நிற்கின்றன. அவர் முதலில் விமானத்தைப் பார்ப்பதில்லை. பாஸ்போர்ட் பையன் கையில் இருக்கிறதா, முதலாளி கையிலா என்று கேட்பார். சவூதி என்றால் வெளியேறும் அனுமதிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அங்கேயே ஒருவரைப் பிடித்து விசாரிப்பார். பிறகு அந்த ஊர் விமான நிலையத்துக்கு அவன் தங்குமிடத்திலிருந்து எவ்வளவு நேரம். அதற்கப்புறம்தான் விமானம்.

சிங்கப்பூர் என்றால் பெரும்பாலும் திருச்சி. 2,980 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குச் சற்று மேலே. இப்போது கடிகாரம் நமக்குச் சாதகம்: அங்கே ராத்திரி எட்டுக்கு ஏறினால் இங்கே பத்து மணிக்கெல்லாம் இறங்கிவிடலாம். குடியேற்றச் சோதனைக்கு ஒரு மணி நேரம் போடுவார். பெட்டி எதுவும் போடாதே, தோள்பையோடு வா என்பார். பெல்ட்டில் காத்திருக்கும் நேரம் மிச்சம். திருச்சியிலிருந்து திண்டுக்கல், வத்தலக்குண்டு, தேனி வழியாகக் கம்பத்துக்கு 215 கிலோமீட்டர், ராத்திரியில் நாலு மணி நேரம். காருக்குச் சொல்லி டிரைவர் நம்பரைப் பையனுக்கு அனுப்புவார். டிரைவர் வழியில் எங்கும் நிறுத்த வேண்டாம், ஆனால் தேனி தாண்டியதும் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய நிரந்தர உத்தரவு. வீட்டுக்குப் போனபின் அந்தப் பையனை யாரும் சாப்பிடச் சொல்லப்போவதில்லை. கணக்கு முடிந்ததும் வீட்டாரிடம், “விடியக்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்துருவான், பத்து மணிக்கு எடுக்கலாம்னு சொல்லிருங்க” என்பார். இடையில் இருக்கிற அந்த ஐந்து மணி நேரம் விமானம் தாமதமானால் என்று அவர் ஒளித்து வைத்திருப்பது. அதை அவர்களிடம் சொல்வதில்லை.